‘மக்கு’ என்று ஒருவர் உண்டா?



உங்கள் வகுப்பில் இப்படி ஒரு நண்பர் இருக்கக்கூடும். கணக்கை மனத்திலேயே போட்டு விடை சொல்வார். சைக்கிள் செயின் கழன்றால் நொடியில் மாட்டித் தருவார். ஆனால் பாடத்தில் ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொன்னால் திணறுவார். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் வகுப்பே சிரித்துவிடும். ‘மக்கு’ என்ற பட்டமும் கிடைத்துவிடும்.

இந்தப் பட்டம் சரிதானா? இல்லை என்கிறது அறிவியல்.

1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர், பெர்சி என்னும் 14 வயதுச் சிறுவனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பெர்சிக்குக் கண்பார்வையில் குறையில்லை. பெரிய எண்களைத் தவறின்றிப் படித்தான். அல்ஜீப்ராக் கணக்கும் போட்டான். ஆனால் பல ஆண்டுகள் கற்பித்தும் சிறு சொற்களைப் படிக்கவே திண்டாடினான். தன் பெயரைக்கூட எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம்.

இந்த நிலையின் பெயர் டிஸ்லெக்சியா. பேச்சு மனிதனுக்கு மிகப் பழையது. எழுத்தோ தோன்றிச் சுமார் 5,000 ஆண்டுகளே ஆகின்றன. படிப்பதற்கென்றே பிறவியில் அமைந்த தனிப் பகுதி மூளையில் கிடையாது. பார்வைக்குரிய பகுதிகளும் பேச்சுக்குரிய பகுதிகளும் சேர்ந்து அதைப் பழகிக்கொள்ள வேண்டும். சிலருக்குச் சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரிப்பதும், அவற்றை எழுத்தோடு பொருத்துவதும் கடினமாக இருக்கிறது. இது சோம்பலும் அன்று. அறிவுக் குறைவும் அன்று.

நம் தமிழையே பாருங்கள். ‘கொ’ என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது. காதில் விழுவதோ முதலில் ககர ஒலி, பிறகே ஒகரம்! ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ மூன்றிலும் எழுத்து ஒன்றே. ஒலியோ வேறு வேறு. பழகிவிட்டதால் நமக்கு இது தெரிவதில்லை. அந்த நண்பருக்கு ஒவ்வொரு வரியும் இப்படிப்பட்ட மேடு பள்ளம்தான்.

படிக்க முடியாததைவிடப் பெரிய துன்பம் நம் சிரிப்பு. அதற்கு அஞ்சியே சிலர் வயிற்றுவலி என்று வீட்டில் தங்கிவிடுகிறார்கள். சிலர் வேண்டுமென்றே குறும்பு செய்து வகுப்புக்கு வெளியே நிற்கிறார்கள். வீட்டுக்குப் போனால், “உன் தம்பியைப் பார், எப்படிப் படிக்கிறான்!” நாளடைவில், நாம் உண்மையிலேயே மக்குதான் என்று அவர்களே நம்பிவிடுகிறார்கள். இதுதான் பெரிய இழப்பு.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாடுகளையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் போன்ற சலுகைகளும் உண்டு. “இது மற்றவர்களுக்கு அநீதி அல்லவா?” என்று நீங்கள் கேட்கலாம். வரலாற்றுத் தேர்வு எதைச் சோதிக்கிறது? வரலாற்று அறிவையா, படிக்கும் வேகத்தையா? மூக்குக் கண்ணாடி போட்டுத் தேர்வு எழுதுபவரை யாரும் குறை சொல்வதில்லையே!

ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்து, பார்த்தும் கேட்டும் எழுதியும் பழகச் செய்தால் இவர்களும் படிக்கக் கற்பார்கள். நேரம் மட்டும் சற்றுக் கூடுதலாக வேண்டும். பயிற்சி தருவது ஆசிரியர் வேலை. பொறுமை காட்டுவது பெற்றோர் கடமை.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. “இவனுக்கு டிஸ்லெக்சியா” என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அதைப் பயிற்சி பெற்ற வல்லுநர்கள் சோதித்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு பட்டப்பெயர் ஆகிவிடும். பாடத்தை நண்பருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். உங்களுக்குப் புரியாத கணக்கை அவரிடம் கேளுங்கள்.

நாளை வகுப்பில் யாராவது எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது, சிரிக்காமல் காத்திருங்கள். அங்கிருந்து தொடங்குவோமா?