கலப்பை இருக்கு, உழச் சொல்லித் தரத்தான் ஆளில்லை!

தாதரில் இருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளினா மாட்டுங்கா. இட்லி, பில்டர் காபிக்குக் குறைவில்லை. நம்ம பிள்ளைங்களுக்குக் கம்ப்யூட்டரில் 'அம்மா'ன்னு அடிக்கத்தான் வழி தெரியலை.

மென்பொருளுக்கா பஞ்சம்? முரசு அஞ்சல், எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர்னு எத்தனை வந்தாச்சு! பஞ்சமெல்லாம் நிறுவும் குறிப்புக்குத்தான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கண்ட்ரோல் பேனலில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' கட்டத்தை டிக் பண்ணணும். அந்த ஒரு வரி விட்டுப்போனா கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும். திட்டு வாங்கினது பாவம் மென்பொருள்.

இன்று விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகைகள் இருக்கு. குறிப்போ 'தமிழைச் சேர்க்கவும்'னு முடிஞ்சிடுது. எந்தப் பலகைங்க? அஞ்சலில் 'எம்' விசை 'ம' தரும். தமிழக அரசு 1999-ல் ஏற்ற தமிழ்99-ல் அதே விசை 'ர' தரும். இங்கிலீஷ் ஒலியில் அடிக்கிற பிள்ளை, தமிழே கஷ்டம்னு மூடி வச்சிடும்.

என் கட்சி இதுதான்: திரையில் தெரியும் மெனுப் பெயரை அப்படியே எழுதுங்க. ஆங்கிலத்துக்குத் திரும்ப விண்டோஸ் விசையோட ஸ்பேஸ்பாரை அழுத்தணும்னு சொல்லுங்க. கடைசியில் ஒரு சோதனை வைங்க: 'அம்மா'. அஞ்சலில் ஏ, எம், எம், ஏ, ஏ. தமிழ்99-ல் ஏ, கே, கே, க்யூ.

மராத்தியும் இந்தியும் பள்ளிக்கூடம் பார்த்துக்கும். ஊர்ப் பாட்டிக்கு நாலு வரி தமிழில் எழுத நாமதான் வழி பண்ணணும்.

குறிப்பு எழுதினவர் அதைப் பக்கத்து வீட்டு மாமிகிட்ட கொடுத்துட்டு, வாயே திறக்காம உட்காரட்டும். மாமி எங்கே நிக்கிறாங்களோ, அங்கே ஒரு வரி குறையுது. என்ன சொல்றீங்க?