எதிர்க்காற்றும் உலர்களமும்

ஆசிரியருக்கு,

காவிரி டெல்டா என்றால் காரில் ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்கள் என்று உங்கள் சுற்றுலாப் பக்கம் முடித்துவிட்டது. சென்ற தை மாதம் நானும் நண்பரும் கும்பகோணத்தைச் சுற்றிவிட்டுத் தரங்கம்பாடி வரை சைக்கிளில் போனோம். மேடு என்று பார்த்தால் ஆற்றுப் பாலங்கள்தான். கியர் இல்லாத பழைய வண்டியே போதும். கிழக்கே திரும்பியதும் எதிர்க்காற்றுதான் ஆளைக் கொல்லும்.

சுவாமிமலையில் ஒரு சிலைப் பட்டறை வாசலில் தண்ணீர் கேட்டு நின்றோம். மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசிக்கொண்டிருந்தார் பெரியவர். தண்ணீர் குடிக்க நின்றவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். இரண்டாம் ராஜராஜனின் தாராசுரம், பட்டுத்தறிச் சத்தம் கேட்கும் திருபுவனம், கடைசியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கடலோரக் கோட்டை. கோட்டையைவிடப் பட்டறைதான் மனதில் நிற்கிறது.

வழிநெடுகப் பாதிச் சாலையில் நெல் காய்ந்தது. காயவைத்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. போதுமான உலர்களம் இருந்தால் அவர்கள் ஏன் தார்ச்சாலைக்கு வரப்போகிறார்கள்? ஆற்றுக்கரைப் பாதையில் போகலாமென்றால் பல இடங்களில் சீமைக்கருவேலம் மறிக்கிறது, டியூப் இரண்டு முறை பஞ்சர்.

முன்பு தெருவுக்குத் தெரு மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விட்டார்களே, கும்பகோணம் ரயிலடியில் அப்படியொரு கடை வரட்டும். எடுத்த வண்டியை மயிலாடுதுறையில் விட வசதியிருந்தால் இன்னும் நல்லது.

ஒரு வாசகர்,
மயிலாடுதுறை