கண்டதும் கேட்டதும்: ஆலமரத்துப் பேய்



சென்ற திங்கள் ஒரு ஞாயிறு மாலை, ராஸ்தா பேட்டையில் நம் நண்பர் ஒருவர் இல்லத்தில் எண்மர் கூடி ஒரு பேய்ப்படம் கண்டோம். இறுதிவரை கண்டவர் ஐவர். இடையே எழுந்து சென்றவர் இருவர். ஒருவர் உறங்கிவிட்டார், அவரை எக்கட்சியில் சேர்ப்பது என்பது இன்னும் முடிவாகவில்லை. படம் எண்பத்திரண்டு நிமிடம். அதன்பின் எழுந்த வாதமோ இரவு பத்து மணி வரை நீண்டது. அவ்வாதத்தை எழுதவே இம்மாதப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

படத்தின் பெயர் 'துவிதா'. இரு வழியில் எதைக் கொள்வது என்று அறியாத தடுமாற்றம் என்பது பொருள். 1973-இல் இதனை இயக்கியவர் மணி கௌல். அவர் நம் புனே நகரில் பயின்றவர். பிரபாத் படநிறுவனம் இயங்கிய வளாகத்தில் 1960-இல் தொடங்கப்பெற்ற திரைப்படக் கல்லூரியில், வங்கத்து ரித்விக் கட்டக் ஆசிரியராக இருந்த காலத்து மாணவர். கட்டக்கின் மற்றொரு மாணவரான ஜான் ஆபிரகாம் பின்னர் நம் மொழியில் 'அக்ரகாரத்தில் கழுதை' என்னும் கறுப்பு வெள்ளைப் படத்தை 1977-இல் எடுத்தார். அதுவும் எல்லாரையும் மகிழ்வித்த படமன்று. நாள்தோறும் அக்கல்லூரி வாயிலைக் கடந்து செல்லும் நம்மவர் பலர், உள்ளே என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை; நானும் அவர்களுள் ஒருவனே.

கதை ராஜஸ்தானத்து நாட்டுப்புறக் கதை. போருந்தா என்னும் சிற்றூரில் வாழ்ந்த எழுத்தாளர் விஜய்தான் தேதா எழுதியது. படமும் அவ்வூரிலேயே எடுக்கப்பட்டது. ஒரு வணிகன் மகன் மணமுடித்து வண்டியில் திரும்புகிறான். வழியில் காட்டுப்பழம் கண்டு மணமகள் ஆசைப்படுகிறாள். அது பட்டிக்காட்டார் உண்பது என்று அவன் தட்டிக் கழிக்கிறான். அவன் கருத்தெல்லாம் திருமணச் செலவுக் கணக்கில் இருக்கிறது. இல்லம் சேர்ந்ததும், நல்ல வேளை வாய்த்தது என்று ஐந்தாண்டு வாணிகத்துக்குப் புறப்பட்டுவிடுகிறான். வழியிலிருந்த ஆலமரத்துப் பேய் மணமகளைக் கண்டு மயங்கியிருந்தது. அது கணவன் உருவெடுத்து வீடு வருகிறது. தந்தைக்கு நாள்தோறும் ஐந்து பொற்காசு தருவதாகச் சொல்கிறது. பொன் வரும் வழியைக் கேட்க எந்தத் தந்தைக்கு மனம் வரும்! ஆனால் அவளிடம் மட்டும் பேய் பொய் சொல்வதில்லை. தான் யார் என்பதை உரைத்து, முடிவை அவளிடமே விடுகிறது. அவள் ஏற்கிறாள். குழந்தை பிறக்கும் வேளையில் உண்மைக் கணவன் திரும்புகிறான். ஆடு மேய்க்கும் ஒரு முதியவன் தந்திரத்தால் பேயைத் தோற்பையில் அடைத்துவிடுகிறான். ஊர் நிம்மதி அடைகிறது. அவள் என்ன அடைந்தாள் என்று ஊரார் எவரும் வினவுவதில்லை.

இதைச் சொன்ன முறையில்தான் வழக்குத் தொடங்கியது. பேசுவோர் குறைவு, கதையைப் பெரும்பாலும் பின்னணிக் குரலே கூறுகிறது. சில இடங்களில் படம் அசையாமல் புகைப்படம்போல் நின்றுவிடுகிறது. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தலைப்பாகை, அவற்றிடையே ஒரு சிவப்பு முக்காடு. இது வண்ணப்படமே, ஆயினும் பாதி நேரம் கறுப்பு வெள்ளைப் படம் கண்ட எண்ணமே எனக்கு உண்டாயிற்று.

"தம்பி, இது பேய்ப்படமா, கல்யாண ஆல்பமா?" என்றார் திருநெல்வேலி அண்ணாச்சி. சினத்தோடு எழுந்து சென்றவர் அவரே. 'யார் நீ' போன்ற பழைய படங்களில் வளர்ந்தவர் அவர். இருட்டு, வெண்புடவை, தொலைவில் ஒரு பாட்டு ஆகியவை இல்லாத பேயை அவர் பேய் என்றே ஒப்புவதில்லை. கல்லூரி மாணவர் ஒருவரோ, இத்தகைய படம் உலகில் அரிது என்று வாதாடினார். ஆனால் ஏன் அரிது என்று கேட்டபோது விளக்க அவருக்குச் சொல் அகப்படவில்லை. நான் அண்ணாச்சி பக்கமே சாய்ந்திருந்தேன். முதல் அரைமணி நேரத்தில் கடிகாரத்தை மும்முறை நோக்கினேன் என்பதை மறைப்பானேன்?

அண்ணாச்சிக்குப் பெரிய துணையும் உண்டு. இப்படத்துக்காக மணி கௌல் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது பெற்றார். ஆயினும் சத்தியஜித் ராய் தம் கட்டுரை ஒன்றில் இதனைக் கடுமையாகவே குறை கூறினார். ராயும் எழுந்து சென்றவர் கட்சி என்று அறிந்ததும் அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது.

இவ்வழக்குப் புதியதன்று. டென்மார்க்கு நாட்டு டிரேயரின் 'வாம்பயர்' என்னும் கறுப்பு வெள்ளைப் படத்தில் நிழல்கள் உடலை விட்டுத் தனியே உலவும். சவப்பெட்டிக்குள் கிடந்தபடி ஒருவன் தன் இறுதி ஊர்வலத்தைக் காண்பான். 1932-இல் பெர்லினில் அதைக் கண்டோர் கூச்சலிட்டனர்; வியன்னாவில் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுக் கலகமே எழுந்தது. இன்று அதே படத்தைத் திரைப்பட மாணவர் போற்றிப் பயில்கின்றனர். இதனால் கூச்சலிட்டவர் மூடர் என்று நான் சொல்லமாட்டேன். காசு கொடுத்தவன் அச்சத்தை எதிர்பார்த்தான், கிடைத்ததோ கனவு.

தேதாவின் இதே கதையை அமோல் பாலேகர் 2005-இல் 'பஹேலி' என்று, ஷாருக்கானைக் கொண்டு பாட்டும் ஆட்டமுமாக எடுத்தார். அதில் முடிவு மாறுகிறது. பேய் கணவன் உடலிலேயே குடிபுகுந்து மகிழ்வாக வாழ்கிறது. அதனை அனைவரும் எழாமல் பார்க்கலாம். ஆனால் பார்த்தபின் ஐந்தாண்டு என்பது எவ்வளவு நீளம் என்று தெரியாது.

இந்த நீளத்தைச் சொன்னவள் என் இல்லாள். வாதம் முழுவதும் அவள் வாய் திறக்கவில்லை. வீடு திரும்பும் வழியில், "படம் நகரவில்லை என்கிறீர்களே, அவளுக்கு மட்டும் எங்கே நகர்ந்தது?" என்றாள். எங்கள் திருமணம் முடிந்த பதினோராம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். இங்கே வீடு அமையவில்லை. அவள் கோவில்பட்டிக்கருகே என் தாயுடன் நாலாண்டு இருந்தாள். கைப்பேசியில் நாள்தோறும் பேசினோம். என்ன பேசினோம் என்று எண்ணிப் பார்த்தேன். பால்காரன் கணக்கு, சீட்டுப் பணம், தங்கையின் கட்டணம். வண்டியில் கணக்குப் பார்த்த வணிகன் மகன் நினைவுக்கு வந்தான்.

"பேய் அவளைக் கேட்டது. வேறு யார் கேட்டார்கள்?" என்றாள் மீண்டும். அப்போது விடுப்பு முடிந்துவிட்டது, மேலதிகாரி அழைத்தார் என்று ஏதோ சொன்னேன். அவள் மறுக்கவில்லை. நானும் அதன்பின் அண்ணாச்சி கட்சியில் இல்லை. மாணவர் கட்சியிலும் சேரவில்லை.

இதனை அண்ணாச்சி வீட்டில் யார் சொன்னார்களோ, அறியேன். அடுத்த வெள்ளிக்கிழமை பிற்பகல் அப்படத்தைத் தமக்கும் அண்டை வீட்டுப் பெண்களுக்கும் காட்ட வேண்டும் என்று அவர் மனைவியார் கேட்டனுப்பியிருக்கிறார். அந்நேரம் அண்ணாச்சி கடையில் இருப்பாராம்.