வலியைத் தொடங்கி வைக்கும் கதவுகள்



நிறைமாதக் கர்ப்பிணி இருக்கும் வீடுகளில் இரண்டு விதமான பேச்சைக் கேட்கலாம். குறித்த நாள் கடந்தும் வலி காணவில்லையானால், "குனிந்து நிமிர்ந்து வேலை செய்திருந்தால் இந்நேரம் பிள்ளை பிறந்திருக்கும்" என்பர். மாதம் நிறையுமுன்னே வலி கண்டுவிட்டாலோ, "சொல் கேளாமல் நடமாடியதால் வந்தது" என்பர். எப்படியாயினும் பழி அவள் தலையில்தான். மாமியார் மட்டுமல்ல, சில வேளை பெற்ற உம்மாவே இவ்வாறு சொல்லிவிடுவதுண்டு. பிரசவ வலி எவ்விதம் உருவாகிறது என்பதைச் சற்றே அறிந்துகொண்டால், இத்தகைய சொற்கள் நம் நாவில் எழாமல் காத்துக்கொள்ளலாம்.

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லும் மெல்லிய சவ்வு ஒன்றை மதிலாகக் கொண்ட தனி வீடு போன்றது. நெருங்கிய உறவினர் அடுத்தடுத்த வீடுகளில் வாழும்போது நடுச்சுவரில் ஒரு சிறு கதவு வைத்துக்கொள்வதுண்டு அல்லவா? தெருவுக்கு வராமலே ஒரு வீட்டுச் செய்தி மறு வீட்டை எட்டிவிடும். செல்களுக்கிடையிலும் அத்தகைய கதவுகள் உண்டு. 'இடைவெளிச் சந்திப்பு' என இவற்றைக் குறிப்பிடலாம். சுண்டெலியின் இதயத்திலும் ஈரலிலும் இவற்றின் அமைப்பை 1967இல் ரெவெல், கர்னோவ்ஸ்கி என்னும் இரு அறிஞர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால் விளக்கிக் காட்டினர்.

இக்கதவுகள் கனெக்ஸின் என்னும் புரதத்தால் ஆனவை. ஆறு கனெக்ஸின்கள் வட்டமாகக் கூடி ஒரு பாதிக் குழாயாகின்றன. பக்கத்துச் செல்லிலிருந்து வரும் மற்றொரு பாதி அதனுடன் பொருந்தியதும் வழி திறக்கிறது. மின்னூட்டம் பெற்ற உப்பு அணுக்களும் சிறு சமிக்ஞை மூலக்கூறுகளும் அதன் வழியே செல்லும். பெரிய புரதங்கள் செல்ல இயலா. கனெக்ஸின் ஒன்றின் ஆயுளோ சில மணி நேரமே. ஆகவே உடல் இக்கதவுகளை ஓயாமல் பிரித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. தேவைக்கேற்ப அவற்றைப் பெருக்கவும் குறைக்கவும் இயலுவது இதனாலேயே.

கருப்பையின் சுவர் தசைச் செல்களால் ஆனது. கர்ப்ப காலம் முழுவதும் அச்செல்களுக்கிடையே கதவுகள் மிகக் குறைவு. புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் அவற்றைப் பெருகவிடாமல் அடக்கி வைக்கிறது. அதனால் ஓரிடத்துத் தசை சுருங்கினாலும் அச்செய்தி கருப்பை முழுவதற்கும் பரவுவதில்லை. வயிறு சற்றே இறுகிப் பின் தளர்ந்துவிடும். நாம் பொய் வலி என்று சொல்வது இதனையே.

பிரசவம் நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்குகிறது. கனெக்ஸின் 43 என்னும் வகை மிகுதியாக உருவாகி, தசைச் செல்களுக்கிடையே ஏராளமான கதவுகள் எழுகின்றன. இப்போது ஓரிடத்தில் தோன்றும் மின்துடிப்பு செல்லுக்குச் செல் பாய்ந்து, கருப்பை முழுவதும் ஒருமித்துச் சுருங்குகிறது. அதுவே மெய் வலி. பிரசவத்தை ஒட்டி இக்கதவுகள் பெருகுவதையும், பிரசவம் முடிந்தபின் மறைந்துவிடுவதையும் கார்ஃபீல்டும் அவருடைய தோழர்களும் எலிகளில் கண்டு 1977இல் வெளியிட்டனர். சுண்டெலிகளின் கருப்பைத் தசையிலிருந்து மட்டும் கனெக்ஸின் 43ஐ நீக்கியபோது அவற்றின் பிரசவம் தாமதப்பட்டதை 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

சகோதரிகளே, இந்தக் கதவுகளைத் திறக்கவோ மூடவோ எந்தப் பெண்ணுக்கும் தன் விருப்பால் இயலாது. அவளைக் கடிந்துகொள்வதால் ஒரு கனெக்ஸினும் கூடப்போவதில்லை, குறையப்போவதுமில்லை.

சினைப்பையில் இதே கதவுகள் வேறொரு பணியைச் செய்கின்றன. பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகள் உருவாகி, பாதி வளர்ச்சியில் உறங்கிவிடுகின்றன. முட்டையைச் சூழ்ந்த செல்கள் கதவுகளின் வழியே அதற்கு ஊட்டமளிப்பதுடன், உறக்கத்தைக் காக்கும் ஒரு சிறு மூலக்கூறையும் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. மாதந்தோறும் மூளையடிச் சுரப்பியிலிருந்து எல்.எச். ஹார்மோன் பொங்கி வரும்போது, முதிர்ந்த முட்டையைச் சூழ்ந்த செல்களின் கதவுகள் அடைபடுகின்றன; அம்மூலக்கூறின் அளவும் குறைகிறது; முட்டை விழித்துக்கொள்கிறது. கருப்பையில் கதவு திறப்பது தொடக்கம். இங்கோ கதவு அடைவதே தொடக்கம். கனெக்ஸின் 37 இல்லாத பெண் சுண்டெலிகள் மலடாயிருந்ததை 1997இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆண்களும் இதற்கு விலக்கல்லர். விரைகளில் விந்தணுக்களைப் பேணி வளர்க்கும் செர்ட்டோலி செல்களிலும் கனெக்ஸின் 43 உண்டு. அச்செல்களில் மட்டும் அது நீக்கப்பட்ட ஆண் சுண்டெலிகளுக்கு விந்தணு உற்பத்தி தடைப்பட்டுக் குட்டி பிறக்கவில்லை. சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாதுதான். ஆயினும், பிள்ளை இல்லாத வீட்டில் மனைவியை மட்டும் மருத்துவரிடம் அனுப்பிவிட்டுக் கணவன் வீட்டில் இருந்துவிடுவது முறையன்று என்பதை உணர இது போதும். பரிசோதனை இருவருக்கும் செய்யப்பட வேண்டும்.

இனி, நினைவில் கொள்ள வேண்டியவை. பொய் வலி ஒழுங்கின்றி வரும். ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தணியும். மெய் வலி சீரான இடைவெளியில் வந்து, நேரம் செல்லச் செல்ல நெருங்கியும் வலுத்தும் வரும். 37 வாரம் நிறையுமுன் இவ்வாறு வயிறு சீராக இறுகினாலோ, உதிரம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நேரத்தோடு சென்றால், தேவைப்படும் தாய்க்கு ஊசி மருந்து கொடுத்துக் குழந்தையின் நுரையீரலைப் பிறக்குமுன்பே பக்குவப்படுத்த மருத்துவரால் இயலும். சில மணி நேரத் தாமதம் அந்த வாய்ப்பைப் பறித்துவிடக்கூடும்.

நாள் கடந்தும் வலி வராதவளுக்கு விளக்கெண்ணெயோ வேறு கைமருந்தோ கொடுக்காதீர்கள். குழந்தையின் அசைவைக் கவனித்து வாருங்கள். அசைவு குறைந்தால் அப்போதே மருத்துவரை நாடுங்கள். வலி வரவழைக்க வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

அந்த நாட்களில் நம் வீட்டுப் பெண் நம்மிடம் எதிர்பார்ப்பது அருகில் ஓர் ஆளும் ஆறுதலான ஒரு சொல்லுமே. அவற்றை அவளுக்கு மறுக்காதிருப்போமாக!