போட்டுக்கு ஒரு விலை, இஞ்சினுக்கு ஒரு விலை

உப்புவெளிப் பக்கம் பழைய போட் வாங்க யோசிக்கிற தம்பிமாருக்கும் அவர்களுடைய வாப்பாமாருக்கும் இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

என்னிடம் சாதாரண தரம் வரை படித்த ஒரு பையன் போன வாரம் வந்தான். "சேர், ஃபைபர் போட் ஒன்று பார்த்திருக்கேன். பழைய ஜோன்சன் இஞ்சின். ஒரே இழுவையில ஸ்டார்ட் ஆகுது, விலையும் குறைவு" என்றான். உம்மாவின் காப்பு அடகுக்குப் போகப்போகிறது. சீசனில் ஆட்களைப் புறாமலைக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஏற்றலாம், மற்ற நாட்களில் வலை போடலாம் என்பது அவன் கணக்கு. கணக்கில் பிழையில்லை. எனக்கு இடித்தது அந்த "ஒரே இழுவை"தான்.

விற்கிறவர் நீங்கள் வருவதற்கு அரை மணிக்கு முன்பே இஞ்சினை ஓட விட்டிருந்தால் எந்தக் கிழட்டு இஞ்சினும் ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆகும். போனதும் முதல் வேலையாக மூடியைக் கழற்றி உள்ளே கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் தேத்தண்ணி குடித்துவிட்டு, ஆறிய பிறகு இழுக்கச் சொல்லுங்கள். ஓடியபின் நிறுத்தி, சூட்டோடு திரும்ப இழுங்கள். கம்ப்ரஷன் தேய்ந்த டூ ஸ்ட்ரோக் அங்கேதான் அடம்பிடிக்கும். கேஜ் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. சிலிண்டர்களுக்கு இடையே பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். கீழே கியர் ஒயில் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒயில் பால் மாதிரி வந்தால் உப்புத்தண்ணி உள்ளே போயிருக்கிறது. காற்றாடித் தண்டில் நரம்பு சுற்றி சீல் வெட்டுப்பட்டிருக்கும், நம் கடலில் இது சாதாரணம்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் ஜோன்சன் விஷயத்தில் என் கேள்வி வேறு. அது கெட்ட இஞ்சின் என்று நான் சொல்லவில்லை. ஜோன்சனும் எவின்ரூடும் ஒரே அமெரிக்கக் கம்பனியின் பிள்ளைகள். அந்தக் கம்பனி 2000 டிசம்பரில் வங்குரோத்தானது. வாங்கிய பொம்பார்டியர் காரரும் 2020 இல் எவின்ரூட் அவுட்போர்ட் செய்வதை நிறுத்திவிட்டார்கள். தண்ணி இழுக்கிற பம்பின் இம்பெல்லர் ஒரு சின்ன ரப்பர் சாமான். அது கிழிந்தால் இஞ்சின் சில நிமிடங்களில் சூடேறி இறுகிவிடும். யமஹாவுக்கு என்றால் டவுனில் கேட்டு வாங்கலாம். ஜோன்சனுக்கு வெளிநாட்டிலிருந்து எடுப்பித்து வரும்வரை போட் மணலில் கிடக்கும். அந்த நாட்களுக்கு அடகுக்கடை வட்டி நிற்காது.

இன்னொன்று எண்ணெய். நம்மூரில் ஓடுகிற யமஹா எண்டியூரோக்களில் பல, பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுபவை. அதற்கென்றே கம்ப்ரஷனைக் குறைத்துச் செய்தவை. பழைய ஜோன்சன் பெரும்பாலும் பெற்றோல்தான். அதற்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டியிருந்தால் பிஸ்டன் அடிவாங்கியிருக்கும், வெளியே தெரியாது. மண்ணெண்ணெயும் இனி மலிவு என்று யாரும் சொல்ல முடியாது. 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனதை மறந்தவர் இந்தக் கரையில் இல்லை.

அதனால் என் கருத்து இதுதான்: போட்டையும் இஞ்சினையும் தனித்தனியாக விலை பேசுங்கள். இஞ்சினை இரும்பு விலைக்கு எடுத்தால் நட்டமில்லை. ஓடுகிறவரை ஓடட்டும், அதற்குள் வேறொன்றுக்குக் காசு சேர்க்கலாம். "இஞ்சினோட சேர்த்து" என்று ஒரே தொகை சொல்கிறவர் எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மறுத்தால் அதிலேயே பதில் இருக்கிறது.

போட்டில் முதலில் பார்க்க வேண்டியது இஞ்சின் பூட்டுகிற பின்பலகை. ஃபைபருக்கு உள்ளே பலகை இருக்கும், போல்ட் ஓட்டையால் தண்ணி இறங்கி அது உக்கிவிடும். சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் மந்தமாகிற இடம் ஊறிய இடம். இஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பலகை அசைந்தால், கடலில் ஒருநாள் இஞ்சின் தனியாகப் போகும். சுனாமிக்குப் பிறகு அவசரத்தில் கட்டிக் கொடுத்த போட்டுகள் இன்னும் கைமாறுகின்றன. அவற்றில் பல தரக்குறைவு என்று ஐ.நா. உணவு விவசாய அமைப்பே அப்போது சொன்னது. புதுப் பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள்.

பதிவு எண், உரிமையாளர் பெயர், இஞ்சின் நம்பர் மூன்றையும் கடற்றொழில் திணைக்களத்தில் ஒத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இதையெல்லாம் சொன்னதும் பையன், "நம்மட ஆள்தானே சேர், கழற்றிப் பார்க்கக் கேட்டால் மூஞ்சி கோணும்" என்றான். நமக்குள் இருக்கிற பெரிய சிக்கல் இதுதான். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், யாரும் கோபிப்பதில்லை. உயிரை ஏற்றிப் போகிற சாமானுக்கு மட்டும் ஏன் வெட்கம்? மடியில் கனமில்லாத விற்பனையாளர் தானே மூடியைக் கழற்றித் தருவார்.

வாடைக்காலத்தில் போட்டுகள் கரையேறிக் கிடக்கும்போதுதான் விற்பனைப் பேச்சு சூடுபிடிக்கும். கடலில் இறக்கிப் பார்க்க முடியாத காலம் அது. ட்ரம் தண்ணியில் ஓடுவதை நம்பி முழுக் காசையும் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை முற்பணமாகக் கொடுத்து, இரண்டு சாட்சியோடு எழுதி, மீதியைக் கடல் அடங்கி ஆள் ஏற்றி அரை மணி ஓடிய பிறகு கொடுக்கலாம். மீனவர் சங்கங்கள் இதற்கு ஒரு பொது ஒப்பந்தத் தாள் அடித்து வைத்தால் பாதிச் சண்டை குறையும்.

பையன் இன்னும் முற்பணம் கொடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் கேஜோடு ஒரு பாஸ் எங்களோடு வருகிறார். நீங்களும் பார்த்து வைத்த போட் இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், அவருடைய நேரத்தைக் கேட்டுச் சொல்கிறேன்.