நடுவர் இருக்கையும் அரசுகளின் பண்டமாற்றும்

வழக்காடுவோரே தமக்குள் விலைபேசி நடுவரை அமர்த்துவராயின் அவ்விடத்தை மன்றம் என்போமா, அங்காடி என்போமா? நெதர்லாந்தின் ஏகு நகரில் உள்ள உலக முறைமன்றத்தின் தேர்தலைக் காணுங்கால் இவ்வினாவே எழுகின்றது.

நடுவர் பதினைவர். ஒன்பதாண்டுப் பணி; மூவாண்டுக்கு ஒருமுறை ஐவர் தேர்வு. எந்நாட்டார் என்று பாராது ஒழுக்கமும் சட்டப் புலமையும் உயர்ந்தோரையே தேர்க என்பது மன்றத்தின் அமைப்புச் சட்டம். வேட்பாளரைப் பெயர்குறிக்கும் உரிமையைக்கூட அஃது அரசுகட்கு நேராகத் தரவில்லை. இசைவுத்தீர்ப்பு மன்றத்தின் நாட்டுக் குழுக்கட்கே தந்தது. அக்குழுவினரை அமர்த்துவதோ அவ்வவ் வரசே! வேலி இட்டவர் வாயிலையும் திறந்தே வைத்தனர்.

அவ்வாயில் வழியே நுழைந்தது பண்டமாற்று. 'எம்மவர்க்கு இங்கே வாக்களிப்பீர். நும்மவர்க்கு வேறோர் அவையில் யாம் அளிப்போம்' என அயலுறவுத் துறையினர் உறுதி மாற்றிக் கொள்கின்றனர். மறைவாக்காதலின் அவ்வுறுதி காக்கப்பட்டதா என்பதும் வெளிப்படுவதில்லை.

2017ஆம் ஆண்டுத் தேர்தலை எண்ணிப் பாருங்கள். பொதுப்பேரவையின் 193 நாடுகளுள் 97, பாதுகாப்பவையின் 15இல் 8 என ஈரிடத்தும் பெரும்பான்மை வேண்டும். வல்லரசுகளின் தடுப்புரிமை இங்குச் செல்லாது. நவம்பர் 9இல் நால்வர் தேர்வுற்றனர். எஞ்சிய ஓரிருக்கைக்கு இந்தியாவின் தல்வீர் பண்டாரியும் பிரித்தானியாவின் கிறித்தோபர் கிரீன்வுட்டும் நின்றனர். பேரவை முன்னவரையும் பாதுகாப்பவை பின்னவரையும் சுற்றுக்குச் சுற்று விரும்பின. நவம்பர் 20இல் பிரித்தானியா விலகியது. பண்டாரி பேரவையில் 183, பாதுகாப்பவையில் 15 வாக்குகள் பெற்றார். 1946இல் பணி தொடங்கிய நாள்தொட்டு முதன்முறையாகப் பிரித்தானிய நடுவர் இல்லாத மன்றம் அமைந்தது.

வல்லரசுக்கு வழிவழியாக ஓரிருக்கை என்னும் எழுதாச் சட்டம் உடைந்தது நன்றே. ஆயினும், இருவருள் எவர் புலமை ஆழமானது என்னும் ஆய்வுரை எதுவுமின்றியே வாக்குகள் எண்ணப்பட்டன. தில்லி அதனை வெற்றி என்றது. இலண்டன் இழப்பென்று வருந்தியது. ஒருநாட்டின் வெற்றியாக அமர்ந்த நடுவரை, அந்நாட்டோடு வழக்காட வரும் மற்றொரு நாடு எங்ஙனம் நம்பும்?

இஃது அரசுகளோடு முடிவதன்று. அம்மன்றில் வழக்குத் தொடுக்க அரசுகட்கே உரிமை. அரசில்லா மக்களினம் அங்கு வழக்காடவும் இயலாது, நடுவரைத் தேரவும் இயலாது. ஆனால் அம்மக்களின் மண்ணைப் பற்றி அந்நடுவரே கருத்துரைப்பர். 1975இல் மேலைச் சகாராவைப் பற்றியும் 2019இல் சாகோசுத் தீவுகளைப் பற்றியும் உரைத்தனர். தம் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சாகோசு மக்கள் எந்தத் தேர்தலில் வாக்களித்தனர்?

மாற்றுவழி இல்லாமலில்லை. ஐரோப்பிய மாந்தவுரிமை மன்றத்திற்கு ஒவ்வோர் அரசும் மூவர் பெயரைத் தரல் வேண்டும். அவரைக் குழுவொன்று நேரில் உசாவுகின்றது. பின்னரே பல நாட்டு மக்கட் பேராளர் கூடிய அவை ஒருவரைத் தேர்கின்றது. அதுவும் குறையற்றதன்று, ஆயினும் அங்கே கேள்வியுண்டு. அத்தகைய உசாவல் ஏகு நகர மன்றத்திற்கும் வேண்டும். அதுவரை, எவர்க்கு வாக்களித்தோம், எத்தகுதி கருதி அளித்தோம், மாற்றாக எதைப் பெற்றோம் என்பதை ஒவ்வோர் அரசும் தன் நாட்டு மக்களவையில் எழுத்தில் வைத்தல் வேண்டும். இந்திய அரசும் இதற்கு விலக்கன்று.