சரிபார்த்தால் கோபம் வரலாமா?



நீர்ச்சறுக்குப் போட்டியை டிவியில் பார்த்திருக்கிறீர்களா? விசைப்படகு முன்னே பறக்கும். அதில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி, காலில் சறுக்குப் பலகையுடன் வீரர் பின்னே வருவார். 1922ல், அமெரிக்காவின் மின்னசோட்டாவில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர் தொடங்கி வைத்த விளையாட்டு இது.

இதில், 'ஸ்லாலம்' என்று ஒரு பிரிவு. இடமும் வலமுமாக மிதக்கும் 6 மிதவைகளை வளைந்து வளைந்து சுற்ற வேண்டும். ஆண்களுக்குப் படகின் உச்ச வேகம் மணிக்கு 58 கி.மீ. அந்த வேகத்தில் ஆறையும் சுற்றிவிட்டால், அடுத்த முறை கயிற்றின் நீளத்தைக் குறைப்பர். 18.25 மீட்டர் கயிறு, குறைந்து குறைந்து 9.75 மீட்டர் வரை வந்துவிடும். மிதவையோ, படகுப் பாதையின் நடுவிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கும்! மீதி தூரத்தை, உடம்பைச் சாய்த்து, கையை நீட்டித்தான் எட்ட வேண்டும். 2013ல், அமெரிக்க வீரர் நேட் ஸ்மித், அந்த 9.75 மீட்டர் கயிற்றில் இரண்டரை மிதவை எடுத்து உலக சாதனை படைத்தார். அரை மிதவைக்கும் அங்கே மதிப்பு உண்டு!

இப்போது யோசியுங்கள்... கயிறு கொஞ்சம் நீளமாக இருந்தால்? படகு சற்று மெதுவாகப் போனால்? வீரர் இருக்கும் பக்கமாகப் படகு ஒதுங்கினால்? திறமை கூடாமலே மதிப்பெண் கூடிவிடும். அதனால்தான், உலக சாதனை என்று விண்ணப்பம் வந்ததும், சர்வதேச சம்மேளனம் உடனே கைதட்டி விடுவதில்லை. கயிற்றின் அளவு, மிதவைகளின் இடம், படகின் வேகம், வீடியோ என எல்லாவற்றையும் ஆராய்ந்த பிறகே ஏற்கிறது.

'இது வீரருக்கு அவமானம் இல்லையா?' என்று கேட்பீர்கள். இல்லை என்பதே என் கருத்து. சோதிக்கப்படுவது கயிறும், படகும் தான். அதில் தேறிய மதிப்பெண்ணை, பிறகு யாராலும் குறை சொல்ல முடியாது. ஆனால், பெயர் பெற்றவருக்கும், புதியவருக்கும் ஒரே சோதனை நடக்க வேண்டும்; முடிவு வரும்வரை யாரும் வாய்க்கு வந்தபடி பேசக் கூடாது.

வகுப்பிலும் அப்படித்தான். எப்போதும் 40 மார்க் வாங்குபவன், திடீரென்று 95 வாங்கினால், 'காப்பி அடிச்சிருப்பான்...' என்று காதைக் கடிக்கிறோமே, அதற்குப் பெயர் பழி! ஆசிரியர் விடைத்தாளை மறுபடி பார்க்கட்டும். மார்க் சரி என்றால், முதலில் கைதட்டுவது நீங்களாக இருங்கள்.

அந்த 95 உங்களுடையது என்றால்? முகத்தைத் தூக்காமல், 'தாராளமா பாருங்க சார்!' என்று விடைத்தாளை நீட்டுங்கள். உழைத்தவனுக்கு என்ன பயம்?